2.6 ஏன் 2.6? ஓர் எஞ்சினின் அளவை எழுதியவர்கள்

போன மாதம் கன்ரீனில் நாங்கள் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி இருந்து ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கராஜ்காரர் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் எஞ்சினைக் கழற்றி, உள்ளே இருந்த கிராங்கை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, புதுக் கிராங்க் ஒன்றைப் பூட்டுகிறார். 2.6 லீற்றர் எஞ்சின் 2.8 லீற்றர் ஆகிறது. இப்படிச் செய்ததை 'ஸ்ட்ரோக்கர் எஞ்சின்' என்பார்கள். நாலு பேருமே கலைப்பீடம். ஒருவரிடமும் கார் இல்லை. ஆனால் சின்ன வயதில் கேம் விளையாடி ஜிடி-ஆரை ஓட்டாத ஆள் எங்களில் இல்லை.

பொருளியல் படிக்கிற தோழிதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "2.8 ஆக்கினா நல்லதெண்டா, கொம்பனி முதலே 2.8 ஆச் செய்திருக்கலாமே? ஏன் 2.6?"

ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "எஞ்சினியர்மார் ஏதோ கணக்குப் பார்த்துத்தான் செய்திருப்பினம்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தோம். பிறகு தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது, கணக்குப் பார்த்தவர்கள் எஞ்சினியர்கள் மட்டும் இல்லை என்று. அந்தத் தேடலில் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம். வரலாற்றுப் பாடத்தில் அரசர்களையும் உடன்படிக்கைகளையும் படித்துப் பழகிய எங்களுக்கு, ஒரு இரும்புக் கட்டியையும் அதே கண்ணால் வாசிக்கலாம் என்பது புதிதாகத்தான் இருந்தது.

முதலில் ஸ்ட்ரோக் என்றால் என்ன

சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையில் எவ்வளவு காற்றுப் போகும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கும். குழாய் எவ்வளவு அகலம், கைபிடி எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகிறது. எஞ்சினிலும் அப்படித்தான். சிலிண்டரின் விட்டம் ஒன்று, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மற்றது. அந்தத் தூரத்தின் பெயர்தான் ஸ்ட்ரோக். (விட்டத்தைக் கராஜ்காரர் 'போர்' என்பார்கள். அந்தச் சொல்லை எங்கட நாட்டுத் தமிழில் எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். அதனால் விட்டம் என்றே வைத்துக்கொள்வோம்.)

பிஸ்டனை ஏற்றி இறக்குவது கிராங்க். சைக்கிள் பெடலின் தண்டை நீட்டினால் கால் சுற்றும் வட்டம் பெரிதாகும் அல்லவா? அதேபோல் கிராங்கின் வீச்சைக் கூட்டினால் ஸ்ட்ரோக் கூடும், எஞ்சினின் கொள்ளளவு கூடும். வெளியே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே இரும்புப் புளொக், அதே மூடி. உள்ளே மட்டும் எஞ்சின் பெரிதாகியிருக்கும்.

இந்த 'வெளியே தெரியாது' என்பதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

ஸ்ட்ரோக்குக்கு வரி இல்லாத நாடு

எஞ்சினின் அளவைச் சட்டம் எழுதிய கதைக்குப் பழைய உதாரணம் பிரித்தானியா. 1921 இலிருந்து அங்கே காருக்கு ஆண்டு வரி, ஒரு 'குதிரைவலு'வுக்கு ஒரு பவுண். அந்தக் குதிரைவலுவை ஒருவரும் எஞ்சினை ஓட்டி அளக்கவில்லை. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5 ஆல் பிரித்தார்கள். அவ்வளவுதான். ஸ்ட்ரோக் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

விளைவை ஊகிப்பது கஷ்டம் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபோர்ட் 'ரி' மொடலின் விட்டம் 3.75 அங்குலம். கணக்குப் போட்டால் 22.5 குதிரைவலு, வரி 22 பவுணுக்கு மேல். ஒஸ்ரின் செவனின் விட்டம் 56 மில்லிமீற்றர். வரி 8 பவுண். பிரித்தானியக் கொம்பனிகள் விட்டத்தை ஒடுக்கி, ஸ்ட்ரோக்கை நீட்டி, மெலிந்து நெடுத்த எஞ்சின்களாகச் செய்து தள்ளின. வரியிலிருந்து தப்பின. ஆனால் ஸ்ட்ரோக் நீண்ட எஞ்சினால் வேகமாகச் சுழல ஏலாது, ஒடுங்கிய சிலிண்டருக்கு மேலே பெரிய வால்வுகளை வைக்கவும் இடமில்லை.

இது ஏதோ தூரத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்றும் ஓடுகிற மொறிஸ் மைனரைப் பார்த்திருப்பீர்கள். 1948 இல் வந்த முதல் மைனரின் எஞ்சின் 918 சிசி. விட்டம் 57 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 90. மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்டச் சரியாக 8 வரும். அந்த எஞ்சின் போருக்கு முந்திய மொறிஸ் எய்ற் காரின் வழியில் வந்தது, அந்த எட்டு வரிக்காரனின் எட்டு. வேடிக்கை என்னவென்றால், மைனர் வந்தபோது பிரித்தானியா புதிய கார்களுக்கு அந்த வரியைக் கைவிட்டிருந்தது; அதே 1948 இல் அவற்றுக்கு ஒரே 10 பவுண் என்று ஆக்கிவிட்டது. வரி செத்துப்போனது, வரி செய்த உடம்பு ஓடிக்கொண்டிருந்தது.

கால் அங்குலம்

அமெரிக்காவில் அந்த வரி இல்லை, பெற்றோலும் மலிவு. அங்கேதான் ஸ்ட்ரோக்கர் என்பது ஒரு கைவினையாக வளர்ந்தது. 1932 இல் ஃபோர்ட் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைச் சாதாரண ஆளும் வாங்கக்கூடிய விலையில் கொண்டுவந்தது. அதன் ஸ்ட்ரோக் 3.75 அங்குலம். 1949 இல் அதே குடும்பத்து மேர்க்குரி காருக்கு 4 அங்குல ஸ்ட்ரோக் உள்ள கிராங்க் வந்தது. கலிபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில் பழைய கார்களை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெடியள், இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் உட்பட, மேர்க்குரியின் கிராங்கை ஃபோர்ட் புளொக்குக்குள் இறக்கினார்கள். கூடியது கால் அங்குலம். செலவு, பழைய இரும்புக் கடையில் ஒரு கிராங்கின் விலை.

பிறகு செவ்ரொலே. 350 கன அங்குல எஞ்சினுக்குள் 400 இன் கிராங்கைப் போட்டால், ஸ்ட்ரோக் 3.48 இலிருந்து 3.75 அங்குலம் ஆகும். ஆனால் 400 இன் கிராங்கில் பெயாரிங் உட்காரும் இடங்கள் தடிப்பு, 2.65 அங்குலம். 350 இன் புளொக்கில் இடம் 2.45 தான். ஆகவே கிராங்கைக் கொண்டுபோய்த் தேய்த்து மெலிவாக்கவேண்டும். சிலிண்டரையும் ஒரு துளி பெருப்பித்தால் 383 கன அங்குலம். எந்தக் கொம்பனிப் பட்டியலிலும் இல்லாமல் பிறந்த இந்த 383, அமெரிக்கக் கராஜ்களின் மிகப் பிரபலமான எண்களில் ஒன்றாகியது. ஒரு கொம்பனி இரண்டு எஞ்சின்களுக்கு நடுவில் விட்ட இடைவெளியை வேலைக்காரக் கைகள் நிரப்பிக்கொண்டன.

யப்பானில் மூன்று கோடுகள்

இப்போது தோழியின் கேள்விக்கு வருவோம்.

யப்பானில் காரின் அளவைத் தீர்மானித்த முதலாவது கோடு வரி. 2000 சிசியைத் தாண்டினால் ஆண்டு வரி சட்டென்று எகிறும். அதனால்தான் எண்பதுகளின் வேகக் கார்கள் பல 2 லீற்றரோடு நின்று, பலத்துக்கு டர்போவை நம்பின. வெளியேறும் புகையின் விசையில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டுவதுதான் டர்போ. கொள்ளளவைக் கூட்டாமலே கூடுதல் காற்று. 1987 இல் வந்த ஸ்கைலைன் ஜிடிஎஸ்-ஆரும் 2 லீற்றர் டர்போதான். 1989 இல் வரிமுறை மாறி அந்தச் சுவர் தணிந்தது.

இரண்டாவது கோடு ஒரு வாய்ப்பேச்சு உடன்பாடு. 1989 இலிருந்து யப்பானியக் கொம்பனிகள் உள்நாட்டுக் கார் எதற்கும் 280 குதிரைவலுவுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தங்களுக்குள் இணங்கிக்கொண்டன. 2004 வரை இது நீடித்தது. ஜிடி-ஆரின் பத்திரத்திலும் 280 தான்.

மூன்றாவதுதான் 2.6 ஐ எழுதியது. அது பந்தய விதி. 'குறூப் ஏ' பந்தயத்தில் ஓட, வீதியில் விற்கும் காராக 5000 செய்திருக்கவேண்டும். கொள்ளளவின்படி வகுப்பு, வகுப்பின்படி குறைந்தபட்ச நிறையும் டயரின் அகலமும். டர்போ எஞ்சின் என்றால் அதன் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கித்தான் வகுப்புப் பார்ப்பார்கள். நிசான் குறிவைத்தது 4500 சிசி வரையான வகுப்பு. 4500 ஐ 1.7 ஆல் பிரித்தால் 2647. அதற்குள் நிற்கவேண்டும்.

ஆர்பி26 என்ற அந்த எஞ்சினில் ஆறு சிலிண்டர், விட்டம் 86 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 73.7. மொத்தம் 2568 சிசி. 1.7 ஆல் பெருக்கினால் 4366. கோட்டுக்கு உள்ளே.

இதுதான் பதில். 2.6 என்பது ஒரு பந்தயச் சம்மேளனத்தின் பெருக்கற் கணக்கிலிருந்து வந்த எண்.

அந்தக் கணக்கு வென்றது என்றும் சொல்லவேண்டும். 1989 ஓகஸ்டில் ஆர்32 ஜிடி-ஆர் விற்பனைக்கு வந்தது. 1990 இலிருந்து 1993 வரை யப்பானின் குறூப் ஏ தொடரில் நடந்த 29 பந்தயங்களிலும் ஜிடி-ஆர்தான் வென்றது. அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்ற் பந்தயத்தை 1991 இலும் 1992 இலும் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் இணை அதே காரில் வென்றது. அங்குள்ள ஒரு சஞ்சிகை வைத்த 'கொட்ஸில்லா' என்ற பட்டப்பெயர் இன்னும் ஒட்டியிருக்கிறது. 1992 இல் மழையில் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டு ஜிடி-ஆருக்கு வெற்றி அறிவிக்கப்பட்டபோது, உள்ளூர்க் கார் ரசிகர்கள் மேடைக்குக் கீழே நின்று கூக்குரல் இட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அவுஸ்திரேலியா 5 லீற்றர் எட்டுச் சிலிண்டர் கார்களை மையமாக வைத்த வேறு விதிக்கு மாறியது. விதியைச் சரியாக வாசித்து வென்றவனுக்கு விதியே மாறிப்போனது. இதை வாசித்தபோது எங்கள் நாலு பேருக்கும் மோட்டார் பந்தயத்தைத் தவிர வேறு பல விஷயங்களும் ஞாபகம் வந்தன.

கோட்டுக்கு வெளியே

பந்தயத்துக்கு 2.6 சரி. ஆனால் வீதியில் ஓட்டுகிறவனுக்கு 4500 சிசி வகுப்போடு என்ன வேலை? அவனுடைய பிரச்சினை வேறு. ஆர்பி26 கிட்டத்தட்ட 4000 சுழற்சிக்குக் கீழே மந்தம். இரண்டு டர்போவையும் சுழற்றப் போதுமான புகை அந்த வேகத்தில் வருவதில்லை. பெரிய டர்போ போட்டால் மந்தம் இன்னும் கூடும்.

அங்கேதான் யப்பானிய கராஜ்கள் பழைய அமெரிக்க வித்தையை எடுத்தன. 1973 இல் யமஹாவிலிருந்து வெளியேறிய ஹிரோயுகி ஹசேகாவா, ஃபூஜி மலையின் அடிவாரத்தில் தொடங்கிய எச்கேஎஸ் இதில் முன்னோடி. அவர்களுடைய 2.8 லீற்றர் தொகுதியில் கிராங்கின் ஸ்ட்ரோக் 77.7 மில்லிமீற்றர், அதாவது 4 மில்லிமீற்றர் கூட. சிலிண்டரை 87 மில்லிமீற்றருக்குப் பெருப்பித்தால் மொத்தம் 2771 சிசி.

1.7 ஆல் பெருக்கிப் பார்த்தோம். 4711. நிசான் கஷ்டப்பட்டு உள்ளே நின்ற கோட்டை அந்த 4 மில்லிமீற்றர் தாண்டிவிடுகிறது. ஆனால் யப்பானிய வீதி வரியில் 2500 க்கும் 3000 க்கும் இடைப்பட்டது எல்லாம் ஒரே படி. பந்தயக் கோட்டைத் தாண்டினாலும் வரிக் கோட்டைத் தாண்டவில்லை.

இதை வெறும் 'பாகம் மாற்றுவது' என்று நினைத்துத்தான் நாங்கள் வீடியோவைத் தொடங்கினோம். அப்படி இல்லை. ஸ்ட்ரோக் 4 மில்லிமீற்றர் கூடினால் பிஸ்டன் மேலே 2 மில்லிமீற்றர் கூடுதலாக ஏறும், கீழே 2 கூடுதலாக இறங்கும். பழைய பிஸ்டனை அப்படியே விட்டால் மேல் மூடியில் போய் இடிக்கும். ஆகவே ஊசி பூட்டும் துளை 2 மில்லிமீற்றர் மேலே உள்ள புதுப் பிஸ்டன் வேண்டும், அல்லது அதற்கேற்பக் குட்டையான கொனெக்டிங் ரொட் வேண்டும். சிலிண்டரைக் கடையும்போது ஒரு தடித்த இரும்புத் தட்டை மூடிக்குப் பதிலாகப் போல்ற் போட்டு இறுக்கித்தான் கடைகிறார்கள். ஏனென்றால் மூடியை இறுக்கியதும் சிலிண்டரின் வட்டம் மயிரிழை கோணும். கோணிய நிலையில் வட்டமாகக் கடைந்தால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். வளையங்களின் வாய் இடைவெளியைச் சாதாரண எஞ்சினைவிடக் கூட விடவேண்டும். டர்போவின் வெப்பத்தில் வளையம் விரிந்து முனைகள் முட்டினால் பிஸ்டனே உடையும். ஆரம்பகால ஆர்32 கிராங்குகளில் ஒயில் பம்பைச் சுழற்றும் பகுதி குட்டையாக இருந்தது. பலம் கூட்டியபோது ஒயில் பம்ப் உடைந்து முழு எஞ்சினும் போன கதைகள் ஏராளம். ஆகவே அதையும் மாற்றவேண்டும்.

எல்லாவற்றுக்கும் விலை உண்டு. நிமிடத்துக்கு 8000 சுழற்சியில் பழைய எஞ்சினின் பிஸ்டன் சராசரியாகச் செக்கனுக்கு 19.7 மீற்றர் ஓடும், புதியதில் 20.7. ஒவ்வொரு சுற்றிலும் ரொட்டை இழுக்கும் விசையும் ஏறக்குறைய 5 வீதம் கூடும். கிடைப்பது என்ன? 8 வீதம் கூடுதல் கொள்ளளவு, அதனால் கூடுதல் புகை, டர்போ முன்னரே விழித்துக்கொள்ளும். அந்த மந்தம் குறையும். இழுவை கீழிருந்தே வரும்.

பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பிடித்த பகுதி. தொண்ணூறுகளின் நடுவில் நிசானின் சொந்தப் பந்தயப் பிரிவான நிஸ்மோ, 400ஆர் என்ற காரை விற்றது. எஞ்சின் 2771 சிசி, 400 குதிரைவலு. 280 உடன்பாடு உயிரோடு இருந்த காலம் அது. செய்தது 44 கார் மட்டும். 2002 இல் புகை விதிகள் இறுகியதால் ஆர்34 ஜிடி-ஆரின் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு நிஸ்மோ ஏற்கெனவே ஓடிய ஆர்34 களை எடுத்துப் பிரித்து, 2.8 லீற்றர் எஞ்சின் கட்டி, 500 குதிரைவலுவோடு 'இசட்-டியூன்' என்று விற்றது. இருபதுக்கு மேல் செய்யவில்லை. கராஜ்காரர் செய்ததையே கடைசியில் கொம்பனியும் செய்தது. அதுவும் ஒரு கராஜ்காரரைப் போலவே, பழைய காரை வாங்கி, கழற்றி, கையால்.

இதை ஏன் எழுதுகிறோம்

எங்கட குழுவில் இந்தக் கட்டுரையை வாசித்த ஒருவர் கேட்டார்: "காசுக்காரப் பெடியளின்ர விளையாட்டுக்கு வரலாறு எழுதுறீங்களா?" நியாயமான கேள்வி. ஒரு ஜிடி-ஆர் இன்று விற்கும் விலைக்கு எங்கட ஊரில் ஒரு வீடு கட்டலாம். அதை நாங்கள் மறைக்கவில்லை.

ஆனால் எங்கட வீதியைப் பாருங்கள். வகன் ஆர் ஏன் 660 சிசிக்குள் நிற்கிறது? 1990 இல் யப்பான் தன்னுடைய சிறிய கார் வகுப்புக்குக் கீறிய கோடு அது. அதற்கு முன் 550, அதற்கு முன் 360. விற்ஸ் ஏன் 996 சிசி? 1000 சிசிக்குக் கீழே நிற்பதில் யப்பானிய வரியில் ஒரு படி இலாபம். இங்கேயும் பெற்றோல் காருக்கான கலால் வரி சிசியை வைத்துத்தான். 1000 என்ற கோட்டைத் தாண்டுவதா இல்லையா என்று எத்தனை குடும்பங்கள் இருந்து கணக்குப் பார்த்திருக்கும்? 2020 மார்ச்சில் மூடிய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தபோது எல்லார் வாயிலும் இருந்தது அந்தக் கணக்குத்தான். மொறிஸ் மைனரில் பிரித்தானிய வரி, வகன் ஆரில் யப்பானிய விதி, வாகனப் புத்தகத்தில் எங்கட திறைசேரி. நாங்கள் கேட்காத, எங்களைக் கேட்காத சட்டங்களில்தான் தினமும் ஏறி இறங்குகிறோம்.

கோட்டுக்குப் பதில் சொன்ன கைகளும் எங்களிடம் இருந்திருக்கின்றன. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர விடாதபோது, காபரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கார்களைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது வேகத்துக்காகச் செய்தது இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குச் செய்தது. ஜிடி-ஆரையும் அதையும் ஒன்றாக்கிப் பேசுவது பிழை. ஆனாலும் அந்த மெக்கானிக்மார் என்ன கழற்றினார்கள், எதை அடைத்தார்கள், எந்த ஜெற்றை எவ்வளவு துளைத்தார்கள் என்பதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? யப்பானியப் பெடியள் கூட்டிய 4 மில்லிமீற்றருக்கு எத்தனையோ புத்தகமும் வீடியோவும் உண்டு.

அந்த மெக்கானிக்மாரில் பலருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, ஒரு கொப்பியோடு இரண்டு மூன்று கராஜ்களுக்குப் போவதாக நாங்கள் தீர்மானித்திருக்கிறோம். உங்கட ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். போய்க் கேளுங்கள், எழுதி அனுப்புங்கள்.